அக்காவின் வலது கை

திராட்சைப் பந்தலுக்குள் நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டேதான் நிற்க வேண்டும். கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, கொத்து அறுப்பது எல்லாமே தலைக்கு மேலேதான். என் அக்கா கம்பம் ஊர்ப் பக்கம் இருபது வருஷம் அப்படி நின்றாள். ஒருநாள் வலது கை மார்புக்கு மேலே எழவில்லை. சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவியே நாலு மாதத்தைக் கடத்தினோம். எங்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தோளைப் பிடித்திருக்கும் தசைநார் பெரிதாகக் கிழிந்து உள்ளே சுருங்கிவிட்டதாம். வெறுமனே இழுத்துத் தைத்தால் தாங்காது, தொடையிலிருந்து ஒரு பட்டைச் சவ்வை எடுத்து மேலே வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"கிழிஞ்ச சாக்குக்கு ஒட்டுப் போடுற மாதிரியா சார்? மறுபடி பந்தலுக்குள்ள நிக்கலாமா?" என்று அக்கா கேட்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"நிக்கலாம்மா. ஆனா ஒட்டு உடம்போட சேரணும். ஆறு வாரத்துக்கு நீங்களா கையத் தூக்கவே கூடாது. கையக் கட்டிவிடுற பெல்ட்டக் கழட்டாதீங்க" என்றவர், என்னைப் பார்த்து, "நீங்கதான் பொறுப்பு" என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நான் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். தலை வாரிவிட்டேன், சேலை கட்டிவிட்டேன். கையை லேசாக அசைத்தாலும் கத்தினேன். என் வாய்க்கு அவள் புருஷனே பயந்தார். "போலீஸ்காரி வந்துட்டா" என்று அக்கா சிரிப்பாள்.

ஐந்தாவது வாரம் எங்கள் அம்மா இறந்துபோனாள். காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்தவள், எழுந்திருக்கவில்லை.

எங்களில் சாவுக்கு வரும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். அக்கா பெல்ட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஆத்தா செத்துக் கெடக்கா, தங்கச்சியக் கட்டிக்கிட்டு அழுகாம சாஞ்சு உக்காந்திருக்கா பாரு" என்றாள் சொந்தக்காரி ஒருத்தி.

அந்தப் பேச்சுப் பொறுக்காமல்தான் பெல்ட்டை அவிழ்த்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ஊர்ப் பேச்சுக்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை நான். அம்மா போய்விட்டாள், எனக்குத் தாங்கவில்லை. அக்காவின் இரண்டு கையும் எனக்கு வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு தடவக்கா" என்று சொல்லி, பெல்ட்டைப் பிரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. தானாகவே கையைத் தூக்கி என் தோளில் போட்டாள். "ஐயோ ஆத்தா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் வீடே சேர்ந்து அழுதது. நானும் அந்தக் கத்தல் அம்மாவுக்காக என்று நினைத்து, அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

காரியம் முடிந்த பிறகுதான் கை அசையவில்லை என்று சொன்னாள். மறுபடி மதுரைக்குப் போனோம். தையல் விட்டு ஒட்டும் கிழிந்திருந்தது. இனி பிடித்துத் தைக்க உள்ளே ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். "பெல்ட்ட யாரு கழட்டினது?" என்று கேட்டார். ஊரையே விரட்டும் என் வாய் திறக்கவில்லை.

"நாந்தேன் சார்" என்றாள் அக்கா.

இப்போது அவள் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து, மற்றவர்கள் அறுத்துப் போடும் கொத்துகளைப் பெட்டியில் அடுக்குகிறாள். தினமும் காலையில் போய் நான்தான் அவளுக்குக் கொண்டை போட்டுவிடுகிறேன். வெகுநாள் கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்தேன். ஒருநாள் தலை வாரும்போது, "ஏக்கா, வலிச்ச உடனே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பவில்லை.

"சொன்னா நீ என்னைய விட்டுருப்பியேடி" என்றாள்.