மடவை விரட்டின டிரம்மும் எங்க ராக் குழுவும்

சொந்தப் பாட்டு பாடுற குழுவுக்கு ரெண்டே வகை ரசிகருங்க: சினிமா பாட்டு கேக்குறவன், எழுந்து போறவன். என்னை மாதிரி மேடையேறி நொந்தவங்களுக்கு இது தெரியும். எழுபதுகள்ல பழவேற்காட்டு ஏரிக்கரையில ஒண்ணேகால் வருசம் ராக் பாட்டுக் குழு வெச்சிருந்தோம். டிரம் எங்கண்ணன் ஏழுமலை, கிட்டார் மீஞ்சூர் தாஸ், மீன் வித்த நேரம் போக பாட்டு, அவரு தங்கச்சி நான்.

முதல் ஒத்திகை

தோணிப் பலகையில தட்டி மடவை மீனை வலைக்குள்ள விரட்டுவோமே, அண்ணன் தாளம் கத்துக்கினது அதுலதான். எங்க ஊர் தோணிரேவு கரையில டிரம்மை வெச்சு அதே அடி அடிச்சாரு. கொஞ்ச நேரத்துல நாலு தோணி ஆவேசமா வந்துச்சு. எங்க ஏரியில எந்த நாள் எந்த ஊர் மீன் பிடிக்கிறதுன்னு முறை உண்டு. அன்னிக்குப் பக்கத்து ஊர் முறை. நாங்க முறை மீறி மீன் விரட்டுறதா நெனச்சுட்டாங்க. முன்னால வந்தவரு டிரம்மைச் சுத்திப் பாத்துட்டுக் கேட்டாரு: "மீனும் இல்ல, வலையும் இல்ல, இன்னாத்துக்குடா இம்மாம் சத்தம்?"

எளாவூர் கல்யாணம்

சினிமா பாட்டு பாட மாட்டோம்னேன். மாப்பிள்ளையோட மாமா மைக்கை அணைச்சிட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! மீஞ்சூர் சந்தையில கூவி மீன் விக்கிற தொண்டைக்கு மைக் எதுக்கு? எங்க சொந்தப் பாட்டு நாலையும் முழுசாப் பாடிட்டுத்தான் இறங்கினேன். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கினே சொன்னாரு: "எனக்கு இங்க இன்னாமா வேலை?"

பஞ்சாயத்து

பொம்பள மேடையில ஆடிப் பாடுனா அண்ணனுக்கு ஏரியில முறை கிடையாதுன்னு ஊர் சொல்லிடுச்சு. "போனா போவுது, நான் கடலுக்குப் போறேன், நீ பாடு"ன்னாரு அண்ணன். ஏரியிலயே வளந்த மனுசன். கடல்ல வாந்தி எடுத்து எடுத்துப் பாதியா எளச்சிட்டாரு. நாலு மாசத்துக்கு மேல என்னால பாத்துக்கினு இருக்க முடியல. எனக்குப் பாட்டும் வேணும், அண்ணனும் வேணும். அழுதுக்கினே பஞ்சாயத்துக்குப் போனேன்.

"மேடையை விட்டுர்றேன், அண்ணனுக்கு முறையைக் குடுங்க. ஆனா பாடுனது தப்புன்னு சொல்ல மாட்டேன்"னேன். மன்னிப்பு கேளுன்னு மூணு வாட்டி மெரட்டுனாங்க. நான் நின்ன எடத்துலயே நின்னேன். பஞ்சாயத்துத் தலைவரு பெரியதனக்காரர் கடைசியில முறையைத் திருப்பிக் குடுத்துட்டு, என்னைத் தனியா கூப்ட்டு மெதுவா கேட்டாரு: "எம்பொண்ணுங்க மூணும் வூட்ல உன் பாட்டையே பாடிக்கினு இருக்குதுங்க, அத எப்படிம்மா நிறுத்துறது?"

இப்ப எழுபது தாண்டியும் மீன் கூடையோட மீஞ்சூர் ரயில்ல பாடிக்கினுதான் போறேன், இதுவரைக்கும் எந்தப் பஞ்சாயத்தும் டிக்கெட் எடுத்து ஏறி வரல.