இரவல் பிரேக்

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் முதலமடையில் சின்னையன் என்று கேட்டால், எந்தச் சின்னையன் என்பார்கள். கான்டெஸா சின்னையன் என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் இங்கே நிறைய உண்டு. அந்த நீளமான பழைய கார் அவரிடம் மட்டும்தான். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியபோது நான் பிறந்திருக்கவில்லை.

சென்ற மாசியில் அதன் பிரேக் போனது. பெடலை மிதித்தால் தரை வரை இறங்கியது. மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் செத்துவிட்டது என்றார் மெக்கானிக். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆர்.டி. ஆபீஸ் டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தோற்றால் கார் பழைய இரும்புக்குத்தான்.

"படிச்ச பையன், போன்ல தேடிக் குடு கண்ணு" என்றார் சின்னையன் மாமா, பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன், அதே போனில். இரண்டு தேடலுக்கும் ஒரே மாதிரி மரியாதையான பதில்தான் வந்தது: இப்போதைக்கு இல்லை. கோவை உக்கடத்தில் நேரில் போய்க் கேட்ட பழைய பாகக் கடைக்காரர் ஒருவர் மட்டும் டீ வாங்கிக் கொடுத்து, காரையே விலைக்குக் கேட்டார்.

மிச்சம் இருந்தவர் புதுநகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் சிராஜ் ராவுத்தர். இந்த வட்டாரத்தின் இன்னொரு கான்டெஸா அவருடையது. ஒருவர் கார் படுத்தால் பாகங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று மற்றவர் வருடக்கணக்காகக் காத்திருந்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, வண்டி சவுக்கியமுங்களா?" என்றார் மாமா, நாங்கள் அவர் கடைக்குள் நுழைந்ததும்.

"அல்லா காவல்ல ஓடுது. உங்களுதுக்குத்தான் என்னமோ கேள்விப்பட்டேன். விக்கிறதா இருந்தா வெளியாளுக்குக் குடுத்துராதீங்க."

"அதைச் சொல்லத்தானுங்க நானும் வந்தேன்."

விசாரித்ததில், அவர் காரில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் காலிப்பர் இறுகிப்போயிருந்தது. டெஸ்ட் அவருக்கும் வந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல காராக்கிவிடலாமே என்றேன்.

"யாரு வண்டிய உடைக்கிறது?" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். நான் சொன்னது கணக்குக்குச் சரிதான். ஆனாலும் ஏதோ தப்பாகப் பேசிவிட்டது போல இருந்தது.

வழி சொன்னது சின்னையன் மாமாவின் மனைவி மாரீஸ்வரி. "கல்யாணத்துக்குப் போறப்ப நகை இரவல் வாங்கிப் போட்டுக்கறதில்லைங்களா? டெஸ்டுக்கு மட்டும் மாத்திக்குங்க."

ராவுத்தரின் சிலிண்டர் எங்கள் ஊர் காரில் ஏறியது. நகையோடு கூடவே வரும் சொந்தக்காரர் போல அவரும் பின்சீட்டில் ஏறினார்.

"நோகாம மிதிங்க சின்னையண்ணே, என்னுதாக்கும்."

கார் தேறியது. அடுத்த வாரம் சிலிண்டர் வீடு திரும்பியது. மாமாவின் காலிப்பரும் கூடப் போனது. அன்று பின்சீட்டில் மாமா. அந்தக் காரும் தேறியது.

திரும்பும் வழியில், "காலிப்பர் இங்கயே கிடக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்றார் ராவுத்தர்.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்? உங்க சிலிண்டர நான் வேணா பாத்துக்கறனுங்க."

பெருந்தன்மையில் யாரும் யாருக்கும் சளைக்கவில்லை. கடைசியில் மாமா தன் காலிப்பரைக் கழற்றிக்கொண்டார், சிலிண்டர் ராவுத்தரிடமே இருந்துவிட்டது.

இப்போது இரண்டு கார்களும் இன்னும் ஐந்து வருடம் ஓடச் சட்டப்படி தகுதி உள்ளவை. நிறுத்தத்தான் முடியாது. இரும்புக்காரர் யாராவது வந்தால், மாமா புதுச் சான்றைக் காட்டி விரட்டுகிறார். அந்தச் சான்றைப் பார்த்து நான் சிரித்திருக்கலாம். என் பட்டமும் வீட்டில் அப்படித்தானே மாட்டியிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

தோப்புக்கு மாமா பஸ்ஸில்தான் போகிறார். நேற்று டிரைவர் சட்டென்று நிறுத்தியதில் முன்கம்பியில் இடித்துக்கொண்டார்.

"ஏப்பா, பிரேக்குன்னா இப்படியா மிதிக்கறது?" என்று கொல்லங்கோடு வரும்வரை விடவில்லை.