ஞானம்மாள் சொன்ன ஒரு பொய்

சாலைக் கடைத்தெருவில் ஆணிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கண்ணாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஞானம்மாள் நேற்று நாகர்கோவிலில் காலமாகிவிட்டார். அவர் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் ஒருவன்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, உளி வைத்துக் கம்பி வெட்டும்போது இரும்புச் சில் ஒன்று என் இடது கண்ணில் தெறித்தது. ஆஸ்பத்திரி என்றால் எனக்கு நடுக்கம். கண்ணில் அடிபட்டால் தாய்ப்பால் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். கைக்குழந்தைக்காரியான தங்கை செல்லம்மாளிடம் நானேதான் கேட்டேன். மூன்று நாள் விட்டாள். நான்காம் நாள் இமை வீங்கி, மண்டையைப் பிளக்கும் வலியோடு கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்.

இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்துக் கிடத்தினார்கள். திரும்பக் கூடாது, இருமக் கூடாது. ஆணிப் பெட்டிக்குள் என்னையே போட்டு மூடியது போல இருந்தது. ஞானம்மாள் சொல்லாமல் தொடவே மாட்டார். "நாந்தான் ஞானம்மா. மருந்து விடப் போறேன், அண்ணாச்சி. எரியும், கேட்டீரா?" வலி எப்போது தீரும் என்று கத்தினால், "எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உம்மை ஏமாத்த மாட்டேன்" என்பார். ஆத்திரமாக வரும். ஆனாலும் நாளெல்லாம் அந்தக் குரலுக்குத்தான் காத்துக் கிடந்தேன்.

ஒத்தடத்துக்கும் மருந்துக்கும் வீக்கம் அடங்கவில்லை. இடது கண்ணை எடுக்காவிட்டால் வலது கண்ணும் போய்விடும் என்றார் டாக்டர். கட்டிலருகே செல்லம்மாள் வெடித்து அழுதாள். "நானாக்கும் பால் விட்டுக் கெடுத்தேன், சிஸ்டர்!"

"பால் விடப்பிடாது, இனியாவது தெரிஞ்சுக்கோ" என்றார் ஞானம்மாள். "ஆனா இந்தக் கண்ணு இரும்பு ஏறின அன்னைக்கே போயாச்சு. உன்னால இல்ல. போய்ப் பிள்ளைக்குப் பால் கொடு."

கண்ணை எடுத்தார்கள். வலது கண் பிழைத்தது. வீடு திரும்பும் நாளில், தங்கையிடம் சொன்னது நிசந்தானா என்று அவரிடம் தனியே கேட்டேன்.

"அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார். "அவளுக்குத் தெரியாண்டாம். நீரும் நானும் சுமந்தாப் போதும்."

இனி நான் ஒருவன்தான் சுமக்க வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சேதி கேட்டு என்னைவிட அதிகம் அழுதவள் செல்லம்மாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. இதை வாசிக்கிற நீங்கள் யாரும் அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.