கிலேன் பிரித்த தையல்

கிலேன் ஓஸ்மோன் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். தையல்காரி நின்றுகொண்டா தைப்பாள் என்று கேட்காதீர்கள். இவள் அப்படித்தான். தையல் மெஷின் மேசையின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, ஒரு காலில் நின்று மறு காலால் மிதிக்கிறாள். சாப்பாடும் நின்றபடிதான். இடது கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, வலது கையில் கத்தரி. பேசிக்கொண்டிருக்கும்போதே சன்னல் வரை போவாள், திரும்புவாள், உங்கள் சட்டைக் காலரில் தொங்கும் நூலைப் பிடுங்கி வாயில் போட்டு மெல்லுவாள். பால்மாடுகளை நம்பிப் பிழைக்கும் பிரான்சின் நார்மாந்திப் பகுதியிலுள்ள எங்கள் ஊரில் அவளுக்குப் "பொங்குற பால்" என்று பெயர்.

முன்பு ஷெர்பூர் துறைமுகத்தில் படகுப்பாய் தைக்கும் பட்டறையில் இருந்தாள். அது மூடப்பட்ட பிறகு, கராந்தான் சதுப்புக்குப் பக்கத்தில், பழைய பாலாடைக்கட்டிக் கிடங்கு ஒன்றைப் பிடித்துத் தன் வேலையைத் தொடங்கினாள். வேலை என்பது இதுதான்: உலகப் போரில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநான்கு ஜூன் ஆறாம் தேதி எங்கள் வயல்களிலும் சதுப்பிலும் வந்து விழுந்த அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் அன்று உடுத்தியிருந்ததை, சுமந்திருந்ததை, அப்படியே மறுபடி செய்வது. சட்டை, காலில் கட்டும் பை, கைத்துப்பாக்கி உறை, தோட்டாப் பை, எல்லாம். துணியின் நெசவு, பித்தளையின் நிறம், நூலின் முறுக்கு, எதிலும் இன்றைய காலம் தெரியக் கூடாது.

"அசலைப் போட்டுக்கிட்டு எவனும் மழையில நடக்கக் கூடாது" என்பாள். "அது இருட்டுல, பொட்டிக்குள்ள, நிம்மதியாத் தூங்கணும். நடக்குறதுக்கும் நனையிறதுக்கும்தான் நான் தைக்கிறேன்."

சட்டையின் கழுத்தடியில் கத்திக்கென்று இரண்டு பக்கமும் ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று இருக்கும். மரத்தில் சிக்கித் தொங்கினால் கயிற்றை அறுக்க. போர்க்கால அவசரத்தில் அதைத் தைத்த அமெரிக்கப் பெண்களின் ஊசி சற்று வழுக்கியிருக்கும். கிலேன் அந்த வழுக்கலையும் விடமாட்டாள். "நேராத் தைக்கப் பாய்ப்பட்டறையில கத்துக்கிட்டேன். கோணலாத் தைக்கத்தான் உயிர் போச்சு."

இப்படி ஒரு கை இருந்தால் திருடன் வராமல் இருப்பானா? அவளிடம் சட்டை வாங்கி, சாணக்குழியில் புதைத்து எடுத்து, வெயிலில் வாட்டி, அசல் என்று விற்கிறவர்கள் முளைத்தார்கள். அதனால் அவள் தனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். தன் கை பட்ட ஒவ்வொரு உருப்படியிலும், வெளியே தெரியாத ஒரு தையலுக்குள்ளே, சிறு நீலநூல் முடிச்சு ஒன்றைப் போட்டுவிடுவாள். அந்தத் தையலைப் பிரித்தால்தான் தெரியும். எந்தத் தையல் என்று நான் எழுத மாட்டேன். என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. அசலில் ஒரு நூலைக்கூடப் பிரிக்கக் கூடாது.

இந்த இரண்டு சட்டங்களும் மோதிக்கொண்டது தெசிரே லெகாப்லேன் வீட்டுச் சட்டையில்.

தெசிரே கல்யாணம் செய்துகொள்ளாத பால்பண்ணைக்காரர், தொண்ணூறை எட்டிக்கொண்டிருப்பவர். நான் இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போகும் நர்ஸ். அவருடைய கால்புண்ணுக்குக் காலையில் கட்டுப் போடுவது என் வேலை. அவர் சிறுவனாக இருந்தபோது, கால் முறிந்த ஒரு பாராசூட் வீரனை அவர் அம்மா வைக்கோல் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தாள். அவன் சட்டையின் முழங்கை கிழிந்திருந்தது. தைத்துத் தருகிறேன் என்று கழற்றி வாங்கினாள். தைத்து முடிப்பதற்குள் அவனுடைய ஆட்கள் வந்து தூக்கிப் போய்விட்டார்கள். முழங்கை ஒட்டு பாதித் தையலோடு நின்றுவிட்டது. பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. அன்றிலிருந்து வருடாவருடம் ஜூன் ஆறாம் தேதி அந்தச் சட்டையைக் கொட்டகைக் கதவில் மாட்டிவைப்பது அந்த வீட்டு வழக்கம்.

"எதுக்கு மாட்டுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் சட்டைம்மா. வந்தா எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

இந்த வருடம் பசுக்களை விற்றாயிற்று. கோடை முடிவதற்குள் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். கதவில் மாட்ட இனி ஆளில்லை என்று, சட்டையைப் பக்கத்து ஊர்ச் சின்ன அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வந்தார். அதைக் கவனித்துக்கொள்ளும் ரெழிஸ் ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல மனிதர். எது வந்தாலும் புறஊதா விளக்கு அடித்துப் பார்ப்பது அங்கே முறை. அந்தக் காலத்துப் பருத்தியும் நூலும் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும். இந்தக் காலத்தது பளீரென்று மின்னும். தெசிரேயின் சட்டை மீன்செதில் மாதிரி மின்னியது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க" என்றாராம் ரெழிஸ். "இது கிலேன் கைவேலை மாதிரி இருக்கு. குறையாச் சொல்லல, அவ்வளவு நல்லா இருக்கு."

தெசிரே சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் வெளியேறிவிட்டார்.

செய்தி கிலேனுக்கு எட்டிய மறுநாள் காலை நான் காரில் போய்க்கொண்டிருந்தேன். ஜூன் நெருங்கிவிட்டால் எங்கள் சந்துகளில் போர் நினைவு விழாவுக்கான பழைய ஜீப்புகள் வரிசையாக வந்து வழியை அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் புதர் மண்டிய வேலிமேடு, ஒதுங்க இடமில்லை. எதிரே வருகிறவன் இடித்துவிடுவானோ என்று எனக்கு எப்போதும் பயம். ஜீப்புகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது கதவைத் திறந்து கிலேன் ஏறினாள்.

"தெசிரே வீட்டுக்குத்தானே போற? நானும் வர்றேன்."

"என்ன விஷயம்?"

சன்னல் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சட்டையைக் கடன் வாங்கி நகல் ஒண்ணு தைச்சேன். லண்டன்ல சினிமா உடுப்பு வாடகைக்கு விடுற ஒருத்தருக்கு. அவங்கம்மா போட்ட முழங்கை ஒட்டு இருக்குல்ல, அதையும் தையலுக்குத் தையல் போட்டேன். கறையையும் விடல. ரெண்டையும் மேசைமேல பக்கத்துல பக்கத்துல போட்டு வச்சிருந்தேன். அசலோட பித்தானில ஒரு சீட்டுக் கட்டியிருந்தேன்."

"சரி."

"சாப்பிட்டுட்டு வந்து பாத்தா சீட்டு தரையில கிடக்குது."

முன்னால் நின்ற ஜீப் நகர்ந்ததைக் கவனிக்காமல் நின்றேன். பின்னால் ஹாரன்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மோந்து பாத்தேன். தூக்கிப் பாத்தேன். இதுதான் அசல்னு கை சொல்லிச்சு. நீல முடிச்சு இருக்கான்னு பாக்க ஒண்ணைப் பிரிக்கணும். நான் பிரிக்கிறது அசலா இருந்துட்டா? கையை நம்பினேன். ஒண்ணைத் தெசிரேகிட்ட கொடுத்தேன், ஒண்ணை லண்டனுக்கு அனுப்பினேன்."

"லண்டன்காரர்கிட்ட கேட்டுப் பாரேன்."

"கடையை மூடி எல்லாத்தையும் ஏலம் விட்டாச்சு. எந்த நாட்டுல எவன் போட்டுக்கிட்டு மழையில நடக்குறானோ." நகத்தைக் கடித்தாள். "அதுதான் அந்தச் சிப்பாயோட சட்டையா இருந்தா?"

தெசிரே சமையலறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை மேசைமேல், காப்பிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என்ன, பொங்குற பால் காலங்காத்தாலயே பொங்கிடுச்சா?" என்றார். "உக்காரு. ஓ, நீ உக்காரமாட்டியே. மாடுகூடப் படுத்து அசை போடும்."

கிலேன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நான் அவர் கால்புண்ணின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சீட்டு தரையில் கிடந்த இடம் வந்ததும் அவர் கால் என் கைக்குள் இறுகியது.

"அப்போ ரெழிஸ் சொன்னது நெசமா?"

"தெரியல, பெரியவரே."

"தெரியலன்னா? நீ தைச்சது உனக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே தைச்சேன்."

அவர் காப்பியில் ஆப்பிள் சாராயத்தைக் கொஞ்சம் ஊற்றினார். குடிக்கவில்லை. "எங்கக்கா ஒதெத் சாகுறதுக்கு முந்தி இந்தச் சட்டையைக் கேட்டு வாங்கித் தடவிப் பாத்தா. அம்மா தைச்ச ஒட்டுன்னு முழங்கையைத் தடவினா. அவ தடவினது யார் தைச்ச ஒட்டு? சொல்லுடி."

கிலேன் சன்னலுக்குப் போனாள், அடுப்புக்குப் போனாள், திரும்பி வந்தாள். நீல முடிச்சைப் பற்றி அவரிடம் அப்போதுதான் சொன்னாள். அது எந்தத் தையலுக்குள் என்று நானும் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். ஆனா அசலா இருந்தா, அத்தனை வருஷம் கலையாத நூலை நான் அறுத்தவளாயிடுவேன். நீங்க வேணாம்னா பேசாமப் போயிடுறேன்."

"போயி?"

"போயி என்ன, நடந்துக்கிட்டே இருப்பேன்."

தெசிரே சட்டையை அவள் பக்கம் தள்ளினார். "பிரி. அவன் வந்து கேட்டா நான் என்னத்தைக் கொடுப்பேன்?"

அவள் தையல் பிரிக்கும் தன் கொக்கியை எடுத்தாள். மடிப்பின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "உன்கிட்ட தையல் வெட்டுற பிளேடு இருக்கும்ல?" என்று என்னைக் கேட்டாள். உறையைக் கிழித்துக் கொடுத்தேன். நோயாளியின் தோலில் போட்ட தையலை வெட்ட வைத்திருப்பது. இது விதிமுறைக்கு ஒத்துவருமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவள் முதல் நூலை அறுத்துவிட்டாள்.

நூல் அறுபடும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக. உள்மடிப்பு திறந்தது. வெளியே வைக்கோல் நிறமாக வெளுத்திருந்த துணி, உள்ளே பாசிப்பச்சையாக இருந்தது. அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தைத் துணிக்குள்ளேயே வைத்துப் பார்த்தாள். விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினாள். திரும்பவும் தடவினாள்.

நீலம் இல்லை.

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நான்தான் இழுத்துப் போட்டேன்.

"இல்லையா?" என்றார் தெசிரே.

"இல்ல. இது அவன் சட்டைதான்."

அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு அவருக்கே உரிய குரல் திரும்பி வந்தது. "அப்போ அந்த விளக்குக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு."

கிலேன் தலையை நிமிர்த்தினாள். "ஆமா, ஏன் மின்னுது? ஒதெத் அக்கா தூசி தட்டி, நிழல்ல காய வச்சு எடுத்து வைப்பாங்க. நானே பாத்திருக்கேன்."

"அவ இருந்தவரைக்கும் அப்படித்தான். அவ போனதுக்கப்புறம் நான்தானே பாத்துக்கிறேன்? அழுக்குச் சட்டையை ஊர் பாக்கக் கதவுல மாட்டுவாங்களா? மே மாசம் கடைசியில நல்லா ஒரு தரம் துவைச்சிடுவேன்."

"துவைச்சிடுவீங்களா?" கிலேன் எழுந்துவிட்டாள். "எதுல?"

"வாஷிங் மெஷின்ல. வேற எதுல?"

"சோப்பு?"

"வெள்ளைத் துணிக்குன்னு ஒரு பவுடர் இருக்குல்ல. பளிச்சுனு இருக்கும்."

அவள் போட்ட கூச்சலில் முற்றத்தில் இருந்த கோழிகள் சிதறின. சட்டை மாறிப்போயிருக்குமோ என்று சொன்னபோதுகூட அந்தக் குரல் வரவில்லை. "பளிச்சுனா! அந்தப் பவுடர்தான் மின்னுது, ஐயா! விஷவாயு ஏறாம இருக்கன்னு அவங்க போட்ட மருந்து அந்தத் துணியில இருந்திச்சு! அந்த மண்ணு, அந்த வாசனை! உலகத்துல எந்தப் பைத்தியமாவது இதைத் துவைப்பானா!"

"விருந்தாளி வந்தா அழுக்குச் சட்டையைக் கொடுப்பியா நீ?" என்றார் தெசிரே, நிஜமாகவே புரியாமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத் தன் பையிலிருந்து ஊசியையும் பச்சை நூலையும் எடுத்தாள். திறந்த மடிப்பைச் சேர்த்துப் பிடித்தாள். ஊசி துணிக்கு மேலே நின்றது. நின்றபடியே இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றேன்.

"நான் தைச்சா நீல முடிச்சுப் போடணும். போட்டா, பின்னால ஒருத்தன் பிரிச்சுப் பாத்துட்டு இது நகல்னு தூக்கிப் போடுவான். போடலன்னா, என் தையல் அந்தக் காலத்துத் தையல்னு பேர் வாங்கிக்கிட்டுத் திரியும். இத்தனை வருஷத்துல முடிச்சில்லாம நான் ஒண்ணுகூடத் தைச்சதில்ல."

தெசிரே சட்டையை அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டார். "அப்போ தைக்காத."

"திறந்தா விடுறது?"

"எங்கம்மா தைச்சு முடிக்கறதுக்குள்ள அவன் போயிட்டான். பாதித் தையல் இந்தச் சட்டைக்குப் புதுசா?"

மறுநாள் மூவரும் ரெழிஸிடம் போனோம். கிலேன் தன் புதுச் சட்டை ஒன்றை அவர் முன்னால் பிரித்து நீல முடிச்சைக் காட்டினாள், பிறகு தெசிரேயின் சட்டையில் அதே இடத்தைக் காட்டினாள். ரெழிஸ் வெகுநேரம் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றி, "பெரியவரே, மன்னிச்சுக்கங்க" என்றார். சோப்புப் பவுடர் கதையைக் கேட்டதும் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஜூன் ஆறாம் தேதி சட்டை கடைசியாகக் கொட்டகைக் கதவில் தொங்கியது, துவைக்காமல். மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. யாரும் வந்து கேட்டால் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட வேண்டும் என்பது தெசிரேயின் நிபந்தனை. ரெழிஸ் ஒப்புக்கொண்டார். தெசிரே இப்போது இல்லத்தில் இருக்கிறார். அங்கே அவர் துணிகளை வேறு யாரோ துவைக்கிறார்கள், அதில்தான் அவருக்குத் தினமும் சண்டை.

கிலேன் வாரம் ஒருமுறையாவது அருங்காட்சியகத்துக்குப் போகிறாள். பெட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பாள், அந்தப் பக்கம் நிற்பாள். மடிப்பு ஒரு விரல் அகலம் வாய் திறந்தபடி இருக்கிறது. கூர்ந்து பார்க்கிற சேகரிப்பாளன் எவனாவது, இந்த ஒரு தையலை மட்டும் ஏன் பிரித்திருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டால் அவளுடைய முடிச்சின் இடம் வெளியே வந்துவிடும். அதனால் புதிதாகத் தைப்பவற்றில் இடத்தை மாற்றிவிட்டாள். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை. பழையவற்றை நினைத்துத்தான் கவலைப்படுகிறாள்.

"மூடிடலாமா?" என்று ஒருநாள் ரெழிஸே கேட்டார்.

"வேணாம்" என்றாள் உடனே. சொல்லிவிட்டுக் கண்ணாடியில் விரலை வைத்து, திறந்த மடிப்பின் நெடுக, தைப்பது போலவே இழுத்துக்கொண்டு போனாள். முனை வந்ததும் முடிச்சுப் போட விரல்கள் மடங்கின. கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.