‘போனே போதும்’ என்று எழுதிய சட்டை

பொருளை விற்பது ஒரு வேலையே இல்லை. வாங்குகிற எண்ணமே இல்லாமல் ஏசிக் காற்றுக்காக உள்ளே வந்தவருக்கு அந்தப் பொருளை விளக்குவதுதான் வேலை. கடைக் கவுண்ட்டரில் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூரில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கன்சோல் மூலை என் பொறுப்பு. டிவியோடு மாட்டி, ஆளுக்கொரு கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாடுகிற பெட்டிக்குத்தான் கன்சோல் என்று பெயர். மிக்சி வரிசையைத் தாண்டி, ஃபிரிட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு டிவி, ஒரு பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அவ்வளவுதான் என் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்கும் கெடு வந்தது. முதலாளி சேவியர் சார் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சொல்லிவிட்டார்: தீபாவளிக்குள் மூன்று பெட்டியாவது போக வேண்டும், போகாவிட்டால் அந்த மூலையில் வாஷிங் மெஷின்.

சட்டையில் எழுதியது

கெடு வைத்த அதே வாரம் ஒரு போன் கம்பெனி தன் ஆளை எங்கள் கடைக்கு அனுப்பியது. பெயர் பிரபு, ஊர் நன்னிலம், படிப்பு பி.இ. கருப்புச் சட்டையின் முதுகில் மஞ்சள் எழுத்தில் ‘கன்சோல் எதுக்கு? போனே போதும்’ என்று இருந்தது. கடையில் அத்தனை இடம் இருக்க, சரியாக என் மூலைக்கு எதிரே மேசையைப் போட்டு, அந்த முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றார். எட்டு மணி நேரம் ஒரே வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்தப் போன் கம்பெனிகளின் வாதம் எனக்கு அத்துப்படி. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ஆகவே கன்சோல் காலி. எல்லோர் வீட்டிலும் குடம் இருக்கிறது, ஆகவே காவிரி வேண்டாம் என்பதுபோல. போனில் விளையாடினால் விரல் திரையை மறைக்கிறது, அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. கண் வலிக்கிறது, அதற்கு டிவிக்கு ஒரு வயர். சார்ஜ் இறங்குகிறது, அதற்குச் சுவரோடு ஒரு வயர். இத்தனையும் மாட்டி முடித்தபின் எதிரே இருப்பது என்ன? ஒரு கன்சோல். அதுவும் மட்டமான கன்சோல். ‘ஹாலில் குடும்பமே உட்கார்ந்து விளையாடுகிற சாமானோடு இது எப்படிப் போட்டி போடும், சொல்லுங்க’ என்று நேராகவே கேட்டேன். பிரபு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“மேடம், நீங்க ஹாலுக்கு விக்கிறீங்க. எங்க ஊருல ஹால்ல நெல்லு மூட்டைதான் இருக்கு.”

விசிறி

அந்தப் போனுக்கு ஒரு விசிறி உண்டு. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. முதுகில் கவ்விக்கொள்கிற, தீப்பெட்டி அளவு விசிறி, பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள். ‘எங்கள் போன் சூடாகும்’ என்று எழுதிக் கொடுப்பதற்கு இதைவிட வேறு என்ன பத்திரம் வேண்டும்? ஒரு சனிக்கிழமை ஒரத்தநாட்டிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கிற இரண்டு பேர் வந்தார்கள். அரை மணி நேரம் சுட்டு, ஓடி, குதித்து விளையாடினார்கள். விசிறி ஈயைப்போல ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்க, திரை தானாக மங்கியது. பிரபு போனை வாங்கி, யாரும் பார்க்காதபோது ஏசிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நான் பார்த்தேன். அந்த இருவரில் ஒருவர் போனின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, மிகுந்த பொறுப்போடு சொன்னார்:

“ஒரு மாட்டுக்கு இந்தச் சூடு இருந்தா, இந்நேரம் நாங்க ஊசி போட்டிருப்போம்ங்க.”

ஹால் யாருடையது

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் போன் எப்போதும் அண்ணன் கையில் இருந்தது. கேட்டால் ‘இந்தா, அஞ்சு நிமிஷம்’ என்பான். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் வரவில்லை. போன் என்பது வைத்திருக்கிறவருக்குச் சொந்தம். ஹாலில் ஒரு பெட்டி இருந்தால் அது வீட்டுக்குச் சொந்தம். வீட்டுக்குச் சொந்தமானதில் பெண்பிள்ளையும் பங்காளி. இதை நான் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதுவேன், கைடு சம்மதித்தால்.

அம்மாப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா ராஜேந்திரன், அம்மா, பிளஸ் டூ படிக்கிற பையன், பிளஸ் ஒன் படிக்கிற பெண் நிவேதா. கன்ட்ரோலரை முதல் தடவையாகத் தொட்ட நிவேதா, கார் ரேஸில் அண்ணனை மூன்று முறை தோற்கடித்தாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பெட்டி போயே விட்டது என்று நான் பில் புத்தகம் இருக்கிற பக்கம் திரும்பினேன். அப்போது அம்மா வாயைத் திறந்தார். “டிவிய இதுக்குக் குடுத்துட்டா நான் எங்க போயி சீரியல் பாக்குறது? அப்பறம் பொம்பளப் புள்ள ஹால்ல உக்காந்து கார் ஓட்டிக்கிட்டு இருந்தா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?” அப்பா உடனே பின்வாங்கினார். “என் போன்லயே புள்ளைங்க விளையாடிக்கிட்டுதான் இருக்கு. அதுவே போதும்ங்க.” எதிரே பிரபுவின் முதுகும் அதையே சொன்னது. எல்லோரும் நகர்ந்தபின் நிவேதா மட்டும் என்னிடம் வந்து கேட்டாள்:

“அந்தப் போன்ல எனக்கு எப்பக்கா முறை வரும்?”

ஒரே ஒரு சந்தேகம்

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் முடிந்ததும் நிவேதா தோழிகள் இரண்டு பேரோடு என் மூலைக்கு வந்துவிடுவாள். வாங்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், சேவியர் சாருக்கும் தெரியும். ஆனாலும் அரை மணி நேரம் அந்த நாலு ஸ்டூலும் அவர்களுடையவை. மூலை போனால் அதுவும் போகும் என்று நினைத்து, கடைக்குள் நுழைகிற எல்லோரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டேன். இரண்டு பெட்டி விற்றுவிட்டேன். மூன்றாவதுதான் நகரவில்லை.

திருப்பனந்தாளிலிருந்து மிக்சி ஜாரை மாற்ற வந்த ஒரு பெரியவரிடம் கால் மணி நேரம் பேசினேன். ஒரு வேலைக்கு ஒரு சாமான் என்று இருப்பதுதான் நேர்மை. அரிவாளிலேயே சவரமும் செய்துகொள்ளலாம் என்பவனை நம்பலாமா என்றெல்லாம் கேட்டேன். அவர் கன்சோலைச் சுற்றி வந்து, பின்பக்க ஓட்டைகளை எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, “யாராச்சும் கூப்பிட்டா இதுல எடுக்கலாமாம்மா?” என்றார். முடியாதுங்கய்யா, விளையாட மட்டும்தான் என்றேன். ஜாரைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

“அப்ப இத வச்சிக்கிட்டு, கூப்பிடுறவங்களுக்கு என்னத்தப் பதில் சொல்றது?”

கேம் மோடு

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. கடையில் நிற்க இடமில்லை. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு, எடை போட முறை வருகிறவரை காத்திருக்கிற ஜனம் தஞ்சாவூருக்குத் துணி எடுக்க வரும். வந்தால் எங்கள் கடைக்கும் வரும். ராஜேந்திரனும் குடும்பத்தோடு வந்திருந்தார். மகள் விடாமல் நச்சரித்திருக்கிறாள் போலிருக்கிறது, என் மூலைக்கு வந்து பெட்டியை மறுபடி ஒரு தடவை பார்த்தார். மூன்றாவது பெட்டி என் கண் முன்னால் அசைந்தது.

பிரபு விடுவாரா? தன் போனிலிருந்து ஒரு வயரை இழுத்து, கடையிலேயே பெரிய அறுபத்தைந்து இஞ்ச் டிவியில் மாட்டினார். “சார், இங்க வாங்க. இதுவும் டிவிதான், இதுவும் கன்சோல்தான்” என்று குரல் கொடுத்தார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. “விளையாடுறப்ப கால் வந்தா என்ன பண்றதுன்னு மேடம் கேப்பாங்க. அதுக்குத்தான் கேம் மோடு. இதப் போட்டுட்டா ஒரு காலும் உள்ள வராது, ஒரு மெசேஜும் காட்டாது. அப்புடியே கன்சோல் மாதிரி!” என்று என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு பட்டனைத் தட்டினார். முக்கால் மணி நேரம் விளையாடிக் காட்டினார். நன்றாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பற்களைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டம் முடிந்து கேம் மோடிலிருந்து வெளியே வந்தார். அதுவரை அடைத்து வைத்திருந்தது எல்லாம் மடை திறந்த மாதிரி அறுபத்தைந்து இஞ்ச்சிலும் இறங்கியது. அப்பா, மிஸ்டு கால். அப்பா, மிஸ்டு கால். மொத்தம் எட்டு. அதன் கீழே ஒரு மெசேஜ், ஒவ்வோர் எழுத்தும் முழங்கை நீளத்தில்: ‘மழ புடிச்சிட்டு. நெல்லு தெறந்து கெடக்கு. தார்ப்பா ஒங்கிட்ட. எங்கடா இருக்க’.

தார்ப்பாயை வாடகைக்கு எடுத்து அன்று காலையே அனுப்ப வேண்டியவர் பிரபு. மதியம் அனுப்பிக்கொள்ளலாம் என்று கடையின் பின்கட்டில் போட்டு வைத்திருந்தாராம். அத்தனை பேரும் ஒன்றாக வாசலைப் பார்த்தார்கள். ஐப்பசி மழை கிழக்கேயிருந்துதான் வரும். நன்னிலத்தில் பிடித்துவிட்டது என்றால் அம்மாப்பேட்டைக்கு எவ்வளவு நேரம் என்று இங்கே யாருக்கும் கணக்குச் சொல்லித் தர வேண்டாம். பாதிக் கடை காலி. ராஜேந்திரன் மனைவியையும் மகளையும் “நீங்க இங்கயே இருங்க” என்று நிறுத்திவிட்டு, பையனை ஏற்றிக்கொண்டு பைக்கில் பறந்தார். பிரபு வெளுத்துப்போய் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், ஓடுவதற்கு முன்னால் நின்று கேட்டார்:

“எட்டு தடவ கூப்புட்டுருக்காரு. எடுக்காத போனு எதுக்குப்பா போனு?”

ஒரே ஒரு ரவுண்டு

பிறகு தஞ்சாவூரிலும் கொட்டியது. கடையில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள், துணிப்பைகளோடு. வெளியே போக முடியாது. அறுபத்தைந்து இஞ்ச்சில் ‘சிக்னல் இல்லை’ என்று நீலமாக ஒரு வரி. என் மூலையில் மட்டும் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிவேதா ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு, மற்றதை அம்மாவின் கையில் திணித்தாள். ‘அய்ய, எனக்கு வேணாம்’ என்றார் அம்மா. முதல் ரவுண்டில் கார் வேலியிலேயே நின்றது. இரண்டாவதில் எதிர்த்திசையில் போனார். நாலாவதில் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலின் நுனிக்கு வந்தார். சுற்றி இருபது பெண்கள், “ஒடிங்க, ஒடிங்க, இடது பக்கம்!” என்று கத்தினார்கள். பாத்திரக் கடையில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தர் அடுத்தது தான் என்று வரிசை வேறு போட்டுவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து ராஜேந்திரன் சொட்டச் சொட்ட வந்தார். நெல்லை மூடியாகிவிட்டது, ஓரத்தில் நாலைந்து மூட்டைக்கு நனைந்திருக்கும், ஈரப்பதம் கூடிவிட்டதென்று இனி காயவைக்கச் சொல்வார்கள், இந்தத் தீபாவளிக்குப் பெட்டி கிட்டி ஒன்றும் கிடையாது என்று ஒரே மூச்சில் சொன்னார். மூன்றாவது பெட்டி இனி நகராது, மூலை போயிற்று என்று நான் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்துகொண்டேன். அவர் மனைவியைக் கிளம்பச் சொன்னார். அம்மா திரும்பவே இல்லை.

“ரெண்டு நிமிஷம் இருங்க, இந்த ஒரு ரவுண்டு முடிச்சிக்கிறேன்.”

தார்ப்பாய்

அடுத்த சனிக்கிழமை பிரபு வந்தார், மேசையைக் காலி செய்ய. சட்டை வேறு, சாதாரணக் கட்டம் போட்டது. அவருக்குச் சொல்லவென்று ஒரு வாரமாகத் தீட்டி வைத்த வாக்கியங்கள் என்னிடம் ஒரு டஜன் இருந்தன. போனைக் கன்சோல் ஆக்குவதற்கு அதன் காதை அடைக்க வேண்டியிருக்கிறது பார்த்தீர்களா, என்பது அதில் முதலாவது. ‘நெல்லு?’ என்று மட்டும் கேட்டேன். முக்கால்வாசி நனைந்து முளை விட்டுவிட்டதாம். அப்பா இன்னும் பேசவில்லையாம். ஒரு டஜனையும் விழுங்கினேன். வாதத்தில் ஜெயித்து வாயை மூடிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விசிறியைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிக்கொண்டே அவராகச் சொன்னார்:

“அந்த டிவியப் பாத்துட்டு ஓடுனவங்க நெல்லு எல்லாம் தப்பிச்சிட்டு மேடம். எங்க நெல்லு மட்டும்தான் கேம் மோடுல இருந்துட்டு.”

வாஷிங் மெஷின்

மறுநாள் ஞாயிறு சாயங்காலமே சேவியர் சார் டேப்பை எடுத்துக்கொண்டு என் மூலையை அளக்க வந்தார். வாதாடத் தயாராக நின்றேன்: பெண்கள், ஹால், பொதுச் சொத்து எல்லாம் நாக்கு நுனியில். அவர் அளந்தார். நாலு ஸ்டூலையும் அவற்றில் உட்கார்ந்திருந்த நிவேதாவையும் தோழிகளையும் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை மழையில் அடைபட்ட பெண்கள், மழை விட்டபிறகும் முறைக்குக் காத்திருந்ததையும், காத்திருந்த நேரத்தில் இரண்டு கிரைண்டரும் ஒரு குக்கரும் வாங்கிப் போனதையும் அவர் கவனிக்காமல் இல்லை. டேப் சட்டென்று சுருங்கி உள்ளே போனது.

“பொட்டிய நீ விக்க வேணாம்மா, போட்டு மட்டும் வையி. இன்னும் நாலு ஸ்டூல் சொல்லியிருக்கேன்.”

ஆக, போன் ஜெயிக்குமா கன்சோல் ஜெயிக்குமா என்று ஒரு மாதம் நாங்கள் அடித்துக்கொண்டதில் ஜெயித்தது ஐப்பசி மழைதான், அது முதுகில் ஒரு வரிகூட எழுதிக்கொண்டு வரவில்லை.