தம்பியின் மொட்டைத்தலை

என் தம்பி ராக் பாடகன். கித்தாரோடு கொழும்புக்குப் போனான். அங்கிருந்து வெளிநாடு. கல்முனைக்குத் திரும்பவில்லை. நான் லொறி ஓட்டுகிறேன்.

அவன் முகத்தைப் பாட்டு வீடியோக்களில்தான் பார்த்து வந்தோம். எனக்குக் கல்யாணமான வருடம் முதல் வீடியோ டீவியில் வந்தது. தோள்வரை முடி, கிழிந்த ஜீன்ஸ். மகனைக் கண்டதும் வாப்பா எழும்பிப் போய்விட்டார். மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அடுத்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை.

"சுறுமா போட்டிரிக்கான். தொழப் போறானாக்கும்" என்றார் வாப்பா.

வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த அன்று தம்பி போனில் அழுதான். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. வீடியோ மட்டும் வந்தது. தாடி வளர்த்தான். நரைத்த முடியைக் கொண்டை போட்டான். ஊரில் பேச்சு வாங்கியது நான்.

போன நோன்புக்கு முன் ஒன்று வந்தது. மழுங்க மொட்டை, வெள்ளைச் சட்டை. கதிரையில் இருந்து மெதுவாகப் பாடினான்.

"மச்சான், ஒங்கட தம்பி மக்காவுக்குப் போய் உம்றாச் செஞ்சி மொட்டையடிச்சிட்டாரு போல" என்றான் மனைவியின் தம்பி. "ராக் ஸ்டார் ஹாஜியார் ஆகப் போறாரு."

பள்ளிவாசலில் இரண்டு பேர் வாழ்த்திக் கை தந்தார்கள். நானும் நம்பினேன். இறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவிக்குக் காட்டினேன். அவள் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"புருவம் எங்க?"

"மழிச்சிருப்பான். அவன்ட ஸ்டைல்."

"இமை மயிரும் இல்ல. இது மழிச்சதில்ல. எனக்கும் இப்படித்தானே இருந்திச்சி."

அவளுக்குப் புற்றுநோய் வந்தபோது கொழும்பில் மருந்து ஏற்றினார்கள். அந்த வார்டில் எல்லா முகமும் அப்படித்தான். பார்த்தவன் நான். தம்பியின் முகத்தில் தெரியவில்லை.

அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான். வீடியோவுக்குக் கீழே எழுதினேன். 'தம்பி, காக்கா கதைக்கிறன். நம்பர் அனுப்பு.' அதற்கு மேலே ரசிகர்கள் போட்ட நெருப்புப் படமும் இதயப் படமும் வந்து விழுந்தன. என்னுடையது கீழே போய்விட்டது. திரும்ப எழுதினேன். அதற்கு யாரோ ஒருவன் சிரிக்கிற படம் போட்டான்.

மனைவியின் தம்பிக்கு இன்னும் உம்றா நினைப்புத்தான். "எப்ப வாறாராம்?" என்று கேட்கிறான். "வருவான்" என்கிறேன்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, லொறியை எடுக்குமுன் போனைப் பார்ப்பேன். பதில் இல்லை. புதுப் பாட்டும் இல்லை.

"அடுத்த பாட்டு வந்தாப் புருவத்தப் பாருங்க" என்றாள் மனைவி. "மருந்து முடிஞ்சொடன எனக்கு அதுதான் முதல்ல மொளச்சது."

இன்றும் பார்த்தேன். பழைய வீடியோதான்.