மைன்ஸுக்கு மேலே ஒரு புள்ளி

நெய்வேலியில் ஜியோகேச்சிங் விளையாடுகிறவர்கள் எல்லாரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அது காட்டும் அம்புக்குறியின் பின்னால் போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே டப்பாவை வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

“டப்பா கெடச்சா உள்ள இன்னா இருக்கும்?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். அவருக்கு மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், கான்ட்ராக்ட் வேலை.

“பேர் எழுதுற காயிதம்பா.”

“பேர் எழுதவா உன்ன காலேஜ் வரைக்கும் அனுப்பிச்சேன்? நம்ம வூட்டு செவுத்துலயே எழுதிக்கினு இருக்கலாமே.”

இந்தச் சின்னக் கூட்டத்தில் என் வேலை, எல்லாருடைய கருவியிலும் தகவலைப் புதுப்பித்துக் கொடுப்பது. போனைப் போல அந்தக் கருவிகள் தானாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. கம்ப்யூட்டரில் கோப்பை இறக்கி, வயர் மாட்டி, ஏற்றிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு டப்பாவை வைத்தவர் அதை இணையத்தில் ரத்து செய்துவிட்டால், அடுத்த கோப்பில் அது வராது. ‘அது இப்போது இல்லை’ என்று புதுக் கோப்பு சொல்லாது. அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடும். பழைய கோப்பும் கருவிக்குள் கிடந்தால், இல்லாத டப்பாவை இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் பழையதை முழுக்க அழிப்பேன். அப்புறம்தான் புதியதை ஏற்றுவேன்.

வேறு ஊரில் இந்தத் தப்பு நடந்தால், ஒரு புதரைச் சுற்றி வீணாக அலைவதோடு போய்விடும். எங்கள் பக்கத்தில் இடமே போய்விடுகிறது. ‘மைன்ஸ் வருது’ என்று நாங்கள் சொன்னால், நிலக்கரிக்காகத் தோண்டிக்கொண்டே போகும் பள்ளம் எங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். பஸ் போய்க்கொண்டிருந்த ரோட்டில் மண்மேடு நிற்கும். போன் வரைபடத்தை நம்பி சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பிய வெளியூர் லாரி ஒன்று அப்படியொரு மேட்டின் முன்னால் நின்று ஹாரன் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். மேடு விலகிக்கொள்ளும் என்பது போல.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் என்ன வாசிக்கிறேனோ அதுதான் அவர்களுக்கு உண்மை. அதனாலோ என்னவோ, பழைய தகவல் என்றாலே எனக்குப் பயம்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து திருநெல்வேலியிலிருந்து ஓர் அண்ணன் கூப்பிட்டார். அவருடைய அப்பா மைன்ஸில் பெர்மனன்ட் ஆபரேட்டராக இருந்தவர், எங்களோடு விளையாடியவர். ரிட்டயர் ஆவதற்குள், போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அம்மா மட்டும் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அதைக் காலி செய்து அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகப் போவதாகச் சொன்னார்.

“அப்பாவோட ஜி.பி.எஸ். திறந்தாலே அப்படியே நின்னுடுதாம். உள்ள இருக்கிறத மொத்தமா அழிச்சிட்டு, இங்க திருநெல்வேலியில இருக்கிற டப்பாக்கள ஏத்திக் குடுத்துருப்பா. அம்மாவக் கூட்டிக்கிட்டு நடக்கலாம்னு இருக்கேன்.”

லேப்டாப்போடு போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அம்மா ஒரு பெட்டியின் மேலேயே காபியை வைத்தார்கள். கருவியைத் திறந்து பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. வருடக்கணக்கில் சேர்ந்த கோப்புகள், ஒன்றைக்கூட அழிக்கவில்லை. தாங்க முடியாமல் நின்றுபோயிருக்கிறது. பட்டியலில் முதலாவதாக, பழைய பஸ் ரோட்டுச் சிறுபாலத்தின் அடியில் அவர் தானே வைத்த டப்பா. அந்த ரோடு இப்போது மைன்ஸுக்குள் இருக்கிறது. டப்பாவை எடுத்துவந்து, இணையத்தில் ரத்து செய்ததும் அவர்தான்.

“இது செத்துப்போன டப்பாம்மா” என்றேன். நாங்கள் விளையாட்டில் அப்படித்தான் சொல்வோம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

அம்மா முகம் சுளிக்கவில்லை. “செத்ததுன்னு அவியளுக்குத் தெரியாதா? வெப்சைட்ல அழிச்சாவ. இதுல மட்டும் அழிக்கல. ஏன்னு கேளு.”

“ஏம்மா?”

“ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேரும் அந்தப் பாலம் வரைக்கும் நடப்போம். இத நாந்தான் பிடிச்சிருப்பேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தூரம் காட்டுற நம்பர் குறையுறது தெரியும், அம்பு தெரியும். பாலத்துல உக்காந்து, கொண்டுபோன அதிரசமோ முறுக்கோ தின்னுட்டுத் திரும்புவோம். ரோட்டை மூடினப்பறம் தெருமுக்குல நின்னு அம்பப் பாத்துட்டு வந்துருவோம்.” காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அங்கன திருநெல்வேலி போயும் அம்பு இந்தப் பக்கந்தானே காட்டும்?” என்றார்கள்.

“காட்டும்மா. எங்க இருந்தாலும் காட்டும்.”

“அப்ப அத அழிக்காத.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தக் கோப்பை விட்டுவைத்தால் அதோடு சேர்ந்து இல்லாத டப்பாக்கள் பலவும் தங்கிவிடும். கருவியும் மறுபடி நின்றுவிடும். அண்ணன் மொத்தமும் அழிக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், அந்த இடத்தில் டப்பா இருக்கிறது என்பது பொய். ஆனால் யோசித்தால், பாலம் இருந்த இடம் பொய்யில்லை. ‘இங்கே டப்பா இருக்கிறது’ என்பதுதான் பொய்.

“எல்லாத்தையும் அழிச்சிடறேம்மா. அந்த நம்பர மட்டும் கையால அடிச்சு, தனிப் புள்ளியா வைக்கறேன். டப்பான்னு இருக்காது. யாரும் தேடிப் போக மாட்டாங்க.”

“அம்பு?”

“அம்பு இருக்கும்.”

பழையதை அழித்து, திருநெல்வேலிக் கோப்பை ஏற்றிய பிறகு, பாலத்தின் எண்களை இரண்டு தடவை சரிபார்த்து அடித்தேன். எந்தப் படம் வைக்கலாம் என்று கருவி கேட்டது. கொடி, நங்கூரம், வீடு, மீன் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். வீட்டுப் படம் வந்ததும், “அது கம்பெனி வீடுப்பா, காலி பண்ணியாச்சு” என்று சிரித்தார்கள். கடைசியில் கத்தியும் முள்கரண்டியும் இருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாப்பாட்டுக் கடைக்கு உரிய படம் அது.

“சரியா வேலை செய்யுதான்னு போய்ப் பாத்துருவோமா?”

என் ஸ்கூட்டியில் உட்கார்ந்து வந்தார்கள். ரோடு முடிகிற இடத்தில் தடுப்பு வைத்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், ரொம்ப ஆழத்தில், மண்வெட்டும் இயந்திரம் பொம்மை போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா கருவியைப் பிடித்தார்கள். அம்பு பள்ளத்தின் நடுவைக் காட்டியது. அங்கே தரை இல்லை. கருவிக்கு நாங்கள் கொடுத்த இரண்டு எண்களில் உயரம் கிடையாது. பாலம் இருந்த மட்டத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது.

“குறைய மாட்டேங்குதே” என்றார்கள், தூரத்தைப் பார்த்து.

“இதுக்கு மேல போக முடியாதும்மா.”

“தெரியும்ல. சும்மா சொன்னேன்.” பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்து, பாதியை என்னிடம் நீட்டினார்கள்.

திரும்பி வரும்போது அண்ணன் கூப்பிட்டார். “மொத்தமா அழிச்சிட்டியாப்பா?”

“பழசு எல்லாம் அழிச்சிட்டேண்ணே. புதுசா ஒன்னு சேத்திருக்கேன். அம்மாகிட்ட கேட்டுக்கோங்க.”

அவர்கள் ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் கழித்து, என் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, திருநெல்வேலியிலிருந்து அந்த அம்மாவின் போன் வந்தது. மொட்டைமாடிக்கு ஏறினால்தான் கருவிக்குச் சாட்டிலைட் கிடைக்கிறதாம். அம்பு வடக்கே பார்த்து நிற்கிறதாம். தூரம் மட்டும் ரொம்பப் பெரிய நம்பராக இருக்கிறதாம். அது சரிதான் என்றேன்.

“அதுக்குக் கூப்பிடல. நீ ஏத்திக் குடுத்ததுல, வாய்க்கா ஓரமா ஒரு டப்பா காட்டுது பாரு. நானும் அவனும் ரெண்டு தடவை போய்த் தேடியாச்சு, இல்ல. வச்சவன்கிட்டச் சொல்லி அழிக்கச் சொல்லு. பாவம், வேற யாரும் வந்து அலையக் கூடாது.”

அன்றைக்கே டப்பாவை வைத்தவருக்கு எழுதினேன்.